முப்பது வாட்டும் முப்பதாயிரம் ரூபாயும்

இந்திய அரசின் வானொலி இன்று தன் பெயராகக் கொண்டிருக்கும் ‘ஆகாசவாணி’ என்னும் சொல், ஓர் ஒலிபரப்பு நிலையத்தின் பெயராக மைசூரில் ஒரு பேராசிரியரின் வீட்டில் வழங்கத் தொடங்கியது. மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்த எம்.வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தமது ‘விட்டல் விகார்’ இல்லத்திலிருந்து 30 வாட் ஆற்றல் கொண்ட சிறிய ஒலிபரப்புக் கருவியை வைத்து அந்த நிலையத்தைத் தொடங்கினார். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ஒலிபரப்புக்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 30 வாட் என்பது அக்காலத்து வீட்டு மின்விளக்கு ஒன்று எரியத் தேவையான ஆற்றலைவிடக் குறைவு. அந்த அளவில் தொடங்கிய முயற்சியின் பெயரையே 1950-களின் பிற்பகுதியில் நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம் தனக்குச் சூடிக்கொண்டது.

இதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. முப்பதாயிரம் ரூபாய் இருந்தால் ஒரு தமிழ் இணைய வானொலியைத் தொடங்க முடியுமா என்று முதுகலை மாணவர்கள் சிலர் அண்மையில் கேட்டார்கள். மைசூருவில் இருந்துகொண்டு, மொழியியல் படித்துக்கொண்டு, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்வது நியாயமாகாது. முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் தீட்டியிருந்த திட்டத்தைப் பார்த்தபோது, பணம் போக வேண்டிய இடத்திற்குப் போகவில்லை என்று தோன்றியது. இருபத்துநான்கு மணி நேர ஒலிபரப்பு, திரைப்பாடல்கள், ஒலித்தடுப்புச் சுவர் கொண்ட அறை, ஒரு செயலி என்று பட்டியல் நீண்டிருந்தது. யாரைப் பேசவைப்பது, பேசியதை எங்கே சேமிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு அதில் இடமில்லை. சிறிய நிதியில் தொடங்கும் வானொலி, ஒலிபரப்பும் நேரத்தைக் குறைத்து ஒலிப்பதிவுக்கும் காப்பகத்திற்கும் பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே முன்வைக்கிறேன்.

முதலில் வரலாறு. தென்னிந்தியாவில் குறைந்த பணத்தில் ஒலிபரப்பத் தொடங்கிய முயற்சி மைசூருக்கு முன்னரே சென்னையில் நடந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 40 வாட் கருவி, ஆர்வலர்களின் சந்தா, மாலை நேர இசையும் உரையும் ஆகியவையே அதன் முதலீடு. 1927-இல் பணமின்றி அது நின்றது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. 1930 முதல் மாநகராட்சி அந்தப் பணியைத் தொடர்ந்தது. 1938-இல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கியது. மைசூரிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. சொந்தப் பணமும் பிறர் உதவியுமாகச் சில ஆண்டுகள் நிலையத்தை நடத்திய கோபாலசுவாமி, 1940-களின் தொடக்கத்தில் அதை மைசூர் சமஸ்தானத்திடம் ஒப்படைத்தார். 1955-இல் அது பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு ஒருவரின் துணிவும் ஒரு கருவியும் போதுமாக இருந்தன. நான்காம் ஆண்டையும் ஐந்தாம் ஆண்டையும் கடப்பதற்கு ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. கருவியை வாங்கும் செலவு ஒருமுறை வரும். மனிதர்களை அந்தக் கருவியின் முன் நாள்தோறும் அமர்த்தும் செலவு ஓயாமல் வரும். இன்னொன்றும் உண்டு. அக்காலத்து ஒலிபரப்பு பெரும்பாலும் நேரலை. பாடியவர் பாடி முடித்ததும் பாட்டு காற்றோடு போயிற்று. அன்று மைசூரிலும் சென்னையிலும் ஒலிவாங்கியின் முன் மனிதர்கள் எப்படிப் பேசினார்கள், எந்த உச்சரிப்பில் அறிவித்தார்கள் என்பதைக் கேட்டு ஆராய்வதற்கு நம்மைப் போன்றோருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஒலிபரப்பிய நிலையங்கள் வரலாற்றில் இடம்பெற்றன. ஒலித்த குரல்கள் இடம்பெறவில்லை.

இனி இன்றைய கணக்கைப் பார்ப்போம். பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அரசு வழி வகுத்திருக்கிறது. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு அதற்கு அடித்தளமிட்டது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த வாய்ப்பு திறக்கப்பட்டது. ஆயினும் உரிமம், அலைக்கற்றை ஒதுக்கீடு, கோபுரம், ஒலிபரப்புக் கருவி ஆகியவை ஒரு மாணவர் குழுவின் சக்திக்கு அப்பாற்பட்டவை. அங்கே சட்டப்படியான நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும், தனிமனிதர் முடியாது. இணையத்தில் ஒலிபரப்புவதற்கு அலைக்கற்றை தேவையில்லை. ஆதலால் அந்த உரிமமும் தேவையில்லை. மாணவர்கள் இணையத்தை நாடுவதன் நியாயம் இதுவே.

ஆனால் அலைக்கும் இணையத்துக்கும் இடையே செலவின் இயல்பு வேறுபடுகிறது. பண்பலையில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் நிலையத்தின் மின்கட்டணம் மாறாது. இணையத்தில் ஒவ்வொரு செவிக்கும் தனித்தனியாக ஒரு நகல் போகிறது. பேச்சுக்குப் போதுமான தரம் என்று வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு மணி நேரம் கேட்க 28.8 மெகாபைட் தரவு செல்லும். 100 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வினாடிக்கு 6.4 மெகாபிட் வேகமும் ஒரு மணி நேரத்தில் 2.88 கிகாபைட் தரவும் தேவை. நூறு பேரும் இரவுபகலாகக் கேட்பதாகக் கொண்டால் முப்பது நாளில் இரண்டு டெராபைட்டைத் தாண்டும். வாரம் ஒரு மணி நேரம் மட்டும் என்றால் மாதத்துக்கு 12 முதல் 15 கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். இந்த இரண்டாவது அளவை மிகச் சிறிய வாடகை வழங்கியே தாங்கும். அதில் நிறுவ வேண்டிய ஐஸ்காஸ்ட், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் லிக்விட்சோப், ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி ஆகிய யாவும் கட்டற்ற மென்பொருள்கள்; அவற்றுக்கு விலையில்லை. தொழில்நுட்பம் இன்று உண்மையிலேயே மலிந்துவிட்டது. இந்த மலிவே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. ஒலிபரப்புவது எளிதாகிவிட்டதால், இடைவிடாமல் ஒலிபரப்ப வேண்டும் என்ற ஆசை எழுகிறது.

இருபத்துநான்கு மணி நேரத்தையும் எதைக்கொண்டு நிரப்புவது? நடைமுறையில் திரைப்பாடலைக் கொண்டுதான். அங்கே செலவுக் கணக்கு தலைகீழாகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31டி பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் செலுத்திப் பாடல்களைப் பயன்படுத்த வழி செய்கிறது. அந்தச் சலுகை இணையவழிப் பாடல் சேவைக்குப் பொருந்தாது என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் டிப்ஸ், விங்க் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் கூறியது. ஆகவே இணைய வானொலி நடத்துவோர் உரிமையாளர்களிடம் நேரடியாகப் பேசி அனுமதி பெற வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். ‘சிறிய நிலையம்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள்’ என்ற துணிச்சலில் நடத்துவது ஆராய்ச்சி மாணவர்களுக்கு அழகன்று. பிறர் எழுத்தை மேற்கோள் குறியின்றி எடுத்தாள்வதைக் குற்றம் என்று பயிலும் நாம், பிறர் இசையைக் கேளாமல் எடுத்து ஒலிபரப்புவதை ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

எனவே திரைப்பாடல் இல்லாத வானொலியையே நான் பரிந்துரைக்கிறேன். அப்படியானால் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வினவுவோருக்கு, நாம் வாழும் இந்த மண்ணே விடை சொல்லும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 21 லட்சம். இவர்கள் ஒரே தமிழைப் பேசுவோர் அல்லர். தலைமுறைகளுக்கு முன் குடியேறியவர்கள், வேலை தேடி அண்மையில் வந்தவர்கள், எல்லையை ஒட்டிய ஊர்களில் எப்போதும் இருந்தவர்கள் என்று பல வகையினர். ராமாபுரத்தில் நான் நாள்தோறும் கேட்கும் தமிழ், நான் பாடநூலில் படித்த எந்த வட்டார வழக்கின் விளக்கத்திலும் முழுமையாக அடங்குவதில்லை. ஒரே வாக்கியத்தில் தமிழ் வினைமுற்றும் கன்னடப் பெயர்ச்சொல்லும் இணைகின்றன. பாட்டி தமிழில் கேட்கிறார். பேரன் கன்னடத்தில் மறுமொழி சொல்கிறான். இருவருக்கும் உரையாடல் தடைபடவில்லை. பாட்டியின் தலைமுறைக்குப் பின் அந்த உரையாடலின் ஒரு பாதி மட்டுமே எஞ்சக்கூடும்.

இந்தப் பேச்சு ஏன் பதிவாகவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் அளவீட்டின் எல்லைக்கு வெளியே மதராஸ் மாகாணமும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் நின்றன. அந்த அளவீட்டை ஒட்டி 1913 முதல் 1929 வரை மாகாண அரசுகளின் உதவியோடு இசைத்தட்டுகளில் பேச்சு மாதிரிகள் பதிவாயின. ஒரு நூற்றாண்டு கழித்தும் அவற்றைக் கேட்டுப் பயன்பெறுகிறோம். அன்றைய பதிவுக்கு அரசின் ஆணையும் அயல்நாட்டுப் பொறியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு மாணவரின் சட்டைப் பையில் அதைவிடச் சிறந்த கருவி இருக்கிறது. 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அமைந்த நகரம் இது. மொழியைப் படிப்பதற்கென்று நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து கூடும் ஊரில், தெருவில் ஒலிக்கும் மொழி பதிவாகாமல் போவதற்கு இனிப் பணமின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

வானொலித் தமிழ் எது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. தமிழின் இரட்டை வழக்கு நாமறிந்ததே. அரசு வானொலியின் செய்தித் தமிழ் எழுத்து வழக்கைச் சார்ந்து நின்றது. தனியார் பண்பலைகள் ஆங்கிலம் கலந்த நகரப் பேச்சைத் தேர்ந்தன. திரைப்படம், வானொலி, மேடை நாடகம் போன்றவற்றின் வழியாகப் பொதுவான பேச்சுத் தமிழ் ஒன்று உருவாகிவருவதை ஹெரால்டு ஷிஃப்மன் 1998-இல் எழுதிய கட்டுரையில் விவாதித்தார். இந்தப் பொதுப்பேச்சு தமிழகத்தின் நடுவிலிருந்து கிளம்புகிறது. எல்லைப்புறத் தமிழ் அதில் நகைச்சுவைப் பாத்திரத்தின் குரலாக மட்டுமே இடம் பெறுகிறது. புதிதாகத் தொடங்கும் சிறிய வானொலியும் அறிவிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘நல்ல தமிழ் பேசுபவர்’ என்று சென்னைப் பண்பலையின் சாயலைத் தேடுமானால், அது மற்றொரு பண்பலையின் மங்கலான நகலாகவே முடியும். கன்னடம் கலந்த தமிழைத் தயங்காமல் பேசும் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்வதே இந்த வானொலி செய்யக்கூடிய முதல் நற்செயல். தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் 2008 முதல் தலித் பெண்கள் நடத்திவரும் சங்கம் வானொலி, தங்கள் ஊர்த் தெலுங்கிலேயே பேசித் தன் கேட்போரை ஈர்த்தது. அதைக் கேட்போர் தங்கள் நாவில் புழங்கும் சொல்லைப் பொதுவெளியில் கேட்கும் மதிப்பை உணர்ந்தவர்கள்.

இனி முப்பதாயிரம் ரூபாயைப் பங்கிடுவோம். விலைகள் மாறிக்கொண்டேயிருப்பவை, ஆகவே இதைத் தோராயமான ஒதுக்கீடாகக் கொள்ளவும். கையில் எடுத்துச் செல்லும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் காற்றுத் தடுப்பு உறைக்கும் பத்தாயிரம். இரண்டு வன்தட்டுகளுக்கு எட்டாயிரம்; ஒன்று அறையில் இருக்க வேண்டும், மற்றொன்று வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கான வழங்கி வாடகைக்கும் இணைய முகவரிக்கும் ஆறாயிரம். பேச வருவோரின் பேருந்துச் செலவுக்கும் அவர்களை மதித்து அளிக்கும் சிறு தொகைக்கும் மீதி ஆறாயிரம். ஒலித்தடுப்பு அறைக்கு ஒதுக்கீடு இல்லை. புத்தக அலமாரியும் தடித்த போர்வையும் மூடிய சன்னலும் கொண்ட சாதாரண அறை பேச்சுப் பதிவுக்குப் போதும். செயலிக்கும் ஒதுக்கீடு இல்லை. கைப்பேசியின் உலாவியே வானொலிப் பெட்டி. இந்தப் பங்கீட்டில் ‘வானொலி’ என்று நாம் நினைக்கும் பகுதிக்கு, அதாவது ஒலியை இணையத்தில் பாய்ச்சுவதற்கு, ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது. மீதி யாவும் குரலைப் பெறுவதற்கும் காப்பதற்கும்.

வன்தட்டுகளுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்ற தரத்தில் சுருக்காமல் பதியும் ஒற்றைத்தட ஒலி, ஒரு மணி நேரத்துக்கு 518.4 மெகாபைட் கொள்ளும். வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஓராண்டில் 52 மணி நேரம்; அது சுமார் 27 கிகாபைட். திருத்தாத மூலப்பதிவு அதைப்போல் நான்கு மடங்கு என்று வைத்தாலும் 110 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஒலிபரப்பில் கேட்பது சுருக்கப்பட்ட ஒலி. உயிரொலியின் நீளத்தையும் மெய்யொலியின் வெடிப்பையும் அளக்க விரும்பும் ஆய்வாளருக்கு மூலப்பதிவு வேண்டும். ஒரே பதிவு இன்று கேட்போருக்கு நிகழ்ச்சியாகவும் நாளை ஆய்வோருக்குத் தரவாகவும் பயன்படுகிறது. இதைவிடச் சிக்கனமான செலவு மொழியியலில் எனக்குத் தெரியாது.

இணைய வானொலியின் தோற்றமும் இதை ஆதரிக்கிறது. 1993-இல் கார்ல் மலமூட் தொடங்கிய ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’, கணினி வல்லுநர்களின் நேர்காணல்களை ஒலிக்கோப்புகளாக இணையத்தில் வைத்தது. கேட்போர் அவற்றை இறக்கித் தம் கணினியில் கேட்டனர். இடைவிடாத ஒலியோடை பரவலானது பிறகுதான். வானொலியின் இணைய வடிவம் முதலில் காப்பகமாகவே பிறந்தது என்று சொன்னால் பெரும் பிழையாகாது.

பணத்தில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. அது மனித நேரம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துப்பெயர்க்கக் குறைந்தது பத்து மணி நேரமாவது ஆகும் என்பதைக் களப்பணி செய்தோர் அறிவர். 52 மணி நேரத்துக்கு 520 மணி நேரம். இதைத் தவிர்த்து ஆளைத் தேடுதல், பேசவைத்தல், வெட்டி ஒட்டுதல், விவரக்குறிப்பு எழுதுதல் ஆகியவை உண்டு. ஒருவரின் ஆர்வத்தில் இது நடக்குமென்று நம்புவது, 1924-இன் சென்னையும் 1935-இன் மைசூரும் தந்த பாடத்தை மறப்பதாகும். மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். முனைவர் பட்ட ஆய்வாளரும் என்றோ ஒருநாள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தே ஆக வேண்டும். ஆகவே துறைகளில் உள்ள ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். களப்பணித் தாளின் ஒரு பகுதியாக இந்தப் பதிவையும் எழுத்துப்பெயர்ப்பையும் ஏற்று மதிப்பெண் வழங்குங்கள். மாணவர் ஒருவர் பருவத்துக்கு ஒரு மணி நேரப் பதிவை முழுமையாக முடித்தால் போதும். வானொலிக்கு நிதி கேட்டு எழுதும் பத்து விண்ணப்பங்களைவிட, பாடத்திட்டத்தில் சேரும் ஒரு வரி அதை நீண்ட நாள் வாழவைக்கும்.

ஒப்புதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்காக ஒருவரைப் பதிவு செய்வதும் அவர் குரலை உலகம் கேட்க இணையத்தில் வைப்பதும் வெவ்வேறு செயல்கள். வீட்டுத் திண்ணையில் மனம்விட்டுப் பேசிய ஒரு முதியவர், தம் மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் துபாயில் இருக்கும் மகனின் காதுக்குப் போகும் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதலாகாது. யார் கேட்பார்கள், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாமென்றால் யாரிடம் சொல்லி நீக்கச் செய்யலாம் என்பதை அவர் பேசும் மொழியிலேயே விளக்கி, அந்த விளக்கத்தையும் அவர் மறுமொழியையும் பதிவு செய்ய வேண்டும். திருத்திய நிகழ்ச்சியை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டிய பின்பே வெளியிட வேண்டும். இதற்கும் நேரம் ஆகும். இருபத்துநான்கு மணி நேர நிலையத்துக்கு இந்த நிதானம் கைவராது. வாரம் ஒரு மணி நேரம் என்று நான் வற்புறுத்துவதன் மற்றொரு காரணம் இது.

எதிர்பார்க்கும் மறுப்புகளுக்கு வருகிறேன். ‘காப்பகம்தான் நோக்கமென்றால் அதற்கு வானொலி என்ற பெயர் எதற்கு?’ காப்பகத்துக்குக் கேட்போர் தாமே வரமாட்டார்கள். ஞாயிறு மாலை ஆறு மணி என்று ஒரு நேரத்தைக் குறித்து, பலர் ஒரே நேரத்தில் கேட்டு, கேட்டதற்கு மறுமொழி அனுப்பும்போதுதான் அடுத்த பேச்சாளர் கிடைக்கிறார். ‘எங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் வழங்குகிறது’ என்று ஒருவர் அனுப்பும் குரற்செய்தி, அடுத்த வாரத்து நிகழ்ச்சிக்கான விதையாகும். குறித்த நேரமும் கூடிக் கேட்பதும் வானொலியின் உயிர். அவை இல்லாத கோப்புத் தொகுப்பு வெறும் கிடங்கு.

‘யூடியூபில் இலவசமாக ஏற்றினால் போதாதா?’ ஏற்றலாம், பரப்புவதற்கு அது நல்ல வழி. ஆனால் குடியிருக்கும் வீடாக அதைக் கொள்ளக் கூடாது. அங்கே ஒலி சுருக்கப்படுகிறது. விதிகள் நம்மைக் கேளாமல் மாறுகின்றன. கணக்கு ஒன்று முடக்கப்பட்டால் முறையிடும் இடம் தெளிவாக இல்லை. மூலப்பதிவு நம் கையிலும் நம் நூலகத்திலும் இருந்தால், பரப்பும் தளம் மாறினாலும் இழப்பில்லை.

‘முதியவர்கள் இணையத்தில் கேட்பார்களா?’ இதுவே மிக வலுவான மறுப்பு. இதற்கு விடை கர்நாடகத்திலேயே இருக்கிறது. கோலார் மாவட்டத்தின் பூதிக்கோட்டை கிராமத்தில், சமுதாய வானொலிக்கு உரிமம் கிடைக்காத காலத்தில், ‘நம்ம த்வனி’ குழுவினர் 2003-இல் கேபிள் தொலைக்காட்சிக் கம்பியின் வழியாகத் தங்கள் ஒலியை வீடுகளுக்குக் கொண்டுசென்றார்கள். வானம் மூடியிருந்தபோது கம்பியைக் கண்டுகொண்டார்கள். நமக்கும் அத்தகைய வழிகள் உண்டு. 28.8 மெகாபைட் கோப்பை வாட்ஸாப்பில் பேரனின் கைப்பேசிக்கு அனுப்பலாம். கோயில் மண்டபத்திலோ தேநீர்க் கடையிலோ ஒரு சிறிய ஒலிபெருக்கியில் மாதம் ஒருமுறை கூடிக் கேட்கலாம். இணையம் என்பது ஒலி பயணிக்கும் பாதை மட்டுமே. அது வந்து சேரும் இடத்தை நாம் அமைக்க வேண்டும்.

‘வானொலி’ என்ற சொல்லைப் பற்றி மொழியியல் மாணவனாக ஒரு குறிப்பு. ‘ஆகாசவாணி’யில் வானிலிருந்து இறங்கும் அசரீரியின் அதிகாரம் தொனிக்கிறது. ‘வானொலி’யில் அந்த அதிகாரம் இல்லை, வானும் ஒலியும் மட்டுமே உண்டு. இணைய வானொலியில் வானமும் இல்லை. கடலடிக் கம்பியும் கைப்பேசிக் கோபுரமும் மட்டுமே. ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. நிலைத்த சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மேலிருந்து கீழே சொல்லும் பழக்கத்தை மட்டும் அந்தச் சொல்லோடு சேர்த்துத் தூக்கிவராமல் இருந்தால் போதும்.

முடிவாக, என் பரிந்துரை இது. ஒரு பருவத்துக்கு, அதாவது 20 வாரங்களுக்கு மட்டும் திட்டமிடுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரு பேச்சாளர், ஒரு பொருள்: விதைப்பு, திருமணம், சமையல், ஆலை வேலை, குடியேறிய கதை, திட்டும் சொற்கள், தாலாட்டு. ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவரின் வயது, வாழ்ந்த ஊர்கள், பேசும் மொழிகள், பதிவு நாள் ஆகியவற்றை ஒரே வடிவில் குறித்து வையுங்கள். இருபதாம் வாரத்தில் நிலையம் நின்றுபோனாலும் இருபது மணி நேரக் குரல்கள் எஞ்சியிருக்கும். அது தோல்வியாகாது. இருபத்துநான்கு மணி நேரமும் பாட்டொலித்து மூன்றாண்டு நடந்து நின்றுபோகும் நிலையத்திடம் எஞ்சுவது ஒரு காலாவதியான இணைய முகவரிதான்.

மைசூருவிலும் சாமராசநகர் மாவட்டத்திலும் களப்பணி செய்யும் நண்பர்கள், சமுதாய வானொலியில் பணியாற்றிய அனுபவமுடையோர், பதிப்புரிமைச் சட்டம் பயில்வோர் ஆகியோர் தங்கள் கருத்துகளையும் மறுப்புகளையும் கீழே எழுத வேண்டுகிறேன். குறிப்பாக விவரக்குறிப்புக்கான பொது வடிவம் ஒன்றை நாம் சேர்ந்து வகுத்துக்கொண்டால், வெவ்வேறு ஊர்களில் தொடங்கும் சிறு முயற்சிகளின் பதிவுகள் பின்னாளில் ஒன்றோடொன்று பொருந்தும். பேச வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.